சட்டைக்குள் ஒரு ரிவால்வர்

சினிமாவில் கதாநாயகன் கோட்டுக்குள் கையை விட்டால் பளபளவென்று கைத்துப்பாக்கி வெளியே வரும். வேலை முடிந்ததும் அது போன இடம் தெரியாது. அதற்கு எடை என்ற ஒன்று இருப்பதாகவே தோன்றாது. ஆனால் லைசென்ஸ் பெற்று ரிவால்வர் வைத்திருக்கும் நகை வியாபாரி எவரையேனும் கேட்டுப் பாருங்கள். திருடனைப் பற்றிப் பேசுமுன் எடையைப் பற்றித்தான் பேசுவார். முக்கால் கிலோ இரும்பை இடுப்பில் ஒரு பக்கமாகக் கட்டிக்கொண்டு காலை பத்து மணி முதல் இரவு ஒன்பது மணி வரை கடையில் உட்கார்ந்து எழுவது லேசான காரியமல்ல. ஒரு மாதம் ஆசையாகச் சுமப்பார். பிறகு அது மேஜை இழுப்பறைக்குப் போய்விடும். ஆபத்து வருகிற அன்று அது இருக்கும் இடம் இழுப்பறையே.

ஆகவே, நாள்தோறும் உடலோடு மறைத்து வைத்திருக்கச் சிறிய கைத்துப்பாக்கி எது என்ற கேள்வி நம் நாட்டிலும் எழுகிறது. அமெரிக்காவில் இதற்கென்றே பெரிய வியாபாரம் நடக்கிறது. 2015-ல் கிளாக் கம்பெனி ஆறு தோட்டா கொள்ளும் மெல்லிய 9 மில்லி மீட்டர் பிஸ்டலைக் கொண்டுவந்தது. 2018-ல் சிக் சாவர் கம்பெனி ஏறக்குறைய அதே அளவுக்குள் பத்துத் தோட்டாக்களை அடக்கிக் காட்டியது. வாங்கியவர் அதோடு நிற்பதில்லை. விசையை மாற்றுகிறார், கைப்பிடியைச் செதுக்குகிறார், குறிமுள்ளை எடுத்துவிட்டுச் சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடியைப் பொருத்துகிறார். தையல்காரரிடம் அளவு கொடுப்பது மாதிரி துப்பாக்கிக்கும் அளவு கொடுக்கிறார் எனலாம்.

இந்தியாவில் அந்தச் சுதந்திரம் இல்லை. இல்லாமலிருப்பதில் தவறும் இல்லை. இங்கே கடை அலமாரியில் இருப்பது நாலைந்து வகை. ஆனால் அந்த நாலைந்துக்குள்ளும் வித்தியாசம் நிறைய உண்டு. பெரும்பாலோர் விலையை விசாரிக்கிறார்களே தவிர அந்த வித்தியாசத்தை விசாரிப்பதில்லை.

இரண்டு '32'கள்

போலீஸ்காரர் இடுப்பில் நாம் பார்க்கும் 9 மில்லி மீட்டர் பிஸ்டல் தடைசெய்யப்பட்ட ரகம். பொதுமக்கள் சாதாரணமாக அதற்கு லைசென்ஸ் பெற முடியாது. கலெக்டரோ, மும்பை போன்ற நகரங்களில் போலீஸ் கமிஷனரோ கொடுக்கிற லைசென்ஸில் வாங்கக்கூடியது பெரும்பாலும் .32 அங்குல ரகம்தான்.

இங்கேதான் முதல் குழப்பம். '32' என்ற பெயரில் இரண்டு தோட்டாக்கள் இருக்கின்றன. ரிவால்வருக்கு உரியது நீளமானது. அடியில் விளிம்பு நன்றாகப் புடைத்திருக்கும். 1896-ல் அமெரிக்காவில் பிறந்தது. பிஸ்டலுக்கு உரியது குட்டை. ஜான் பிரௌனிங் என்ற மேதை வடிவமைத்து 1899-ல் வெளிவந்தது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போடக்கூடாது. இரண்டும் நூற்றிருபது வயதைத் தாண்டியவை. கைபேசியை வருஷத்துக்கு ஒரு தரம் மாற்றுகிறவர், துப்பாக்கி என்று வந்தால் கொள்ளுத்தாத்தா காலத்துத் தோட்டாவைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது!

தனியார் இறக்குமதி 1980-களின் நடுவில் ஏறக்குறைய நின்றுபோயிற்று. அதற்கு முன் வந்த ஜெர்மன் வால்தர், இங்கிலாந்து வெப்ளி முதலியவை இன்றும் கைமாறுகின்றன. விலையோ யானை விலை. வேலைப்பாடு உயர்ந்ததுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு சுருள்வில் ஒடிந்தால் உதிரிச் சாமானுக்கு எங்கே போவது? பெருமைக்கு வாங்குகிறவர்கள் வாங்கட்டும். தினசரி உபயோகத்துக்கு அது சரிப்படாது.

கான்பூர் பிள்ளைகள்

உள்நாட்டுச் சரக்கில் மூத்தது கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஏந்திய வெப்ளி ரிவால்வரின் வம்சம். நடுவில் மடித்துத் திறந்தால் காலித் தோட்டாக்கள் ஒரே சமயத்தில் மேலே எழும்பும். ஆறு தோட்டா, எடை சுமார் 700 கிராம். அழகு என்று சொல்ல முடியாது, ஆனால் முரட்டு உழைப்பாளி.

2014 ஜனவரியில் கான்பூரிலிருந்து 'நிர்பீக்' என்ற ரிவால்வர் வெளிவந்தபோது நாடெங்கும் பேச்சாயிற்று. 2012 டிசம்பரில் டில்லி பஸ்ஸில் நடந்த கொடுமைக்குப் பலியான பெண்ணின் நினைவாக, அச்சமற்றவர் என்ற பொருளில் வைத்த பெயர். பெண்களின் கைப்பைக்கென்று டைட்டானியம் கலந்த உலோகத்தில் செய்து, எடையை 500 கிராமுக்குக் குறைத்தார்கள். நகைப்பெட்டி போன்ற பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். விலை அப்போதே சுமார் 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய். ராத்திரி ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண்ணுக்கும் இந்த விலைக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றே பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

விலையை விட்டுத் தள்ளினாலும் ஒரு விஷயம் பாக்கியிருக்கிறது. அதே தோட்டாவை லேசான ஆயுதத்திலிருந்து சுட்டால் பின்னுதைப்பு அதிகம். 700 கிராம் வாங்கிக்கொள்ளும் உதையை 500 கிராம் முழுதாக வாங்கிக்கொள்ளாது. மீதி மணிக்கட்டுக்குப் போய்ச் சேரும். மெலிந்த கைக்கென்று செய்த ஆயுதம் அந்தக் கையைத்தான் அதிகம் சோதிக்கிறது. .32 தோட்டா பொதுவில் சாதுவானது என்பதால் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் பழகாமல் தாங்க முடியாது.

வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலை இன்னும் ஒரு படி கீழே இறங்கி, 'நிடர்' என்று .22 ரிவால்வர் ஒன்றைச் செய்தது. எடை 250 கிராம்தான், எட்டுத் தோட்டா. சட்டைப் பையில் போட்டால் தெரியாது. விலையும் நிர்பீக்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தது. ஆனால் .22 தோட்டாவின் பலம் சொற்பம். அதன் வெடிமருந்துப் பொட்டு விளிம்பிலேயே இருப்பதால் சில சமயம் வெடிக்காமலும் போகும். சுமக்கச் சுகம், நம்பக் கஷ்டம் என்ற ரகம் இது.

2023 ஆகஸ்டில் வந்தது 'பிரபல்'. 2021 அக்டோபர் முதல் தேதி பழைய ஆயுதத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு கம்பெனிகள் ஆயின. அவற்றில் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனியின் தயாரிப்பு இது. நம் திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையும் அதே கம்பெனியைச் சேர்ந்தது. பிரபலின் குழல் 76 மில்லி மீட்டர். எடை தோட்டா நீங்கலாக 700 கிராம். புதுமை என்னவென்றால், துப்பாக்கியை மடிக்க வேண்டாம். உருளையை மட்டும் பக்கவாட்டில் தள்ளித் தோட்டா நிரப்பலாம். 50 மீட்டர் வரை சுடலாம் என்று கம்பெனி விளம்பரம் செய்தது. தற்காப்புக்கு 50 மீட்டர் எதற்கு? அவ்வளவு தூரத்தில் நிற்பவனிடமிருந்து ஓடிப்போவதுதான் தற்காப்பு. நாள்தோறும் சுமப்பவருக்கு உண்மையில் பயன்படுவது பக்கவாட்டில் திறக்கும் அந்த உருளைதான். வீட்டுக்கு வந்ததும் காலி செய்வதும், காலியாயிற்றா என்று கண்ணால் பார்ப்பதும் சுலபம்.

உருளையா, தட்டையா?

ரிவால்வர்களுக்கு எதிர்க்கட்சி பிஸ்டல். கல்கத்தா காசிப்பூரில் செய்யப்பட்ட .32 பிஸ்டலுக்கு 'அசனி' என்று பெயர். தமிழ் அகராதியைப் புரட்டினாலும் அசனி என்றால் இடிதான். அது தட்டையானது. ரிவால்வரின் உருளை சட்டைக்கு வெளியே கட்டி மாதிரி புடைத்துத் தெரியும். பிஸ்டல் விலாவோடு ஒட்டிக்கொள்ளும். மறைப்பதற்கு இதுதான் சௌகரியம்.

ஆனால் ஒரு தோட்டா வெடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். ரிவால்வரில் மறுபடி விசையை இழுத்தால் அடுத்த அறை சுழன்று வந்து நிற்கும். பிஸ்டலில் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து அந்தத் தோட்டாவை வெளியே தள்ள வேண்டும். இரண்டு கையும் வேண்டும், நிதானமும் வேண்டும். போதாக்குறைக்கு, தோட்டாக்கூட்டைக் கழற்றிவிட்டால் பிஸ்டல் காலி என்று நினைத்து விபத்துக்குள்ளானவர்கள் உலகெங்கும் உண்டு. குழலின் அறையில் ஒன்று தங்கியிருக்கும். மாதம் ஒரு தரமாவது பழகுகிறவருக்குப் பிஸ்டல். பழக நேரமில்லாதவருக்கு ரிவால்வர். அதற்குக்கூட நேரமில்லாதவருக்கு இரண்டும் வேண்டாம்.

எதை மாற்றலாம்?

வாங்கியதை நம் கைக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளலாமா என்பது அடுத்த கேள்வி. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் இதில் கண்டிப்பானது. குழலைக் குட்டையாக்கினால் குற்றம். ஒரு ரகத்தை வேறு ரகமாக மாற்றினால் குற்றம். பொறித்த எண்ணைத் தேய்த்தால் குற்றம். பழுது பார்ப்பதற்கே லைசென்ஸ் பெற்ற மிஸ்திரி வேண்டும். பட்டறையில் லேத்து வைத்திருக்கும் சிநேகிதர் போதாது.

விசை கடினமாக இருக்கிறது என்பது நம் ரிவால்வர்கள் மேல் வரும் வழக்கமான புகார். சுருள்வில்லை ராவி மெலிதாக்கினால் இழுக்க லேசாகும்தான். ஆனால் சுத்தி தோட்டாவின் பொட்டை அடிக்கும் வேகமும் குறையும். பத்தில் ஒன்று வெடிக்காது. சட்டத்தை ஒரு பக்கம் வைத்தாலும் இது வேண்டாத வேலை. கடினமான விசை ஒருவகையில் காவலும்கூட. பையில் தவறிப்போய் ஏதேனும் பட்டால் அது சுலபத்தில் இழுபடாது.

மிஞ்சுவது கைப்பிடியும் உறையும். கைப்பிடித் தகட்டைக் கைக்கு அடக்கமாகவோ ரப்பரிலோ லைசென்ஸ் பெற்ற மிஸ்திரியிடம் மாற்றிக்கொண்டால் உதை பாதி குறைந்த மாதிரி இருக்கும். சுண்டுவிரல் கைப்பிடியில் அமர்ந்தால்தான் பிடி பிடியாகும்.

உறை அதைவிட முக்கியம். லட்ச ரூபாய் ஆயுதத்தை இருநூறு ரூபாய்ப் பையில் செருகுகிறவர்கள் பலர். நல்ல உறை விசையை முழுக்க மூட வேண்டும். குனிந்தாலும் ஆயுதம் நழுவக்கூடாது. எடை பெல்ட்டின் மேல் பரவ வேண்டும். தொளதொள பெல்ட்டில் எந்த உறையும் நிற்காது. வேட்டி கட்டுகிறவர் என்றால் உள்ளே அகலமான தோல் வாரைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

அமெரிக்காவில் மறைத்து வைப்பதா வெளியே தெரிய வைப்பதா என்று மாகாணத்துக்கு மாகாணம் விவாதம். நம் 2016-ம் வருஷத்து ஆயுத விதிகளில் விவாதத்துக்கு இடமில்லை. பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறையிலோ அதற்கான பையிலோ முழுதும் மூடியிருக்க வேண்டும். அது எடுத்துச் செல்பவரின் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். மாலை நேரத்து மின்சார ரயிலில் கைப்பையைத் தலைக்கு மேலே தட்டில் வைத்துவிட்டு நின்றால் அது கட்டுப்பாடு ஆகாது. கைப்பையில் வைக்கும் பெண்கள் அதற்கென்று தனி அறை உள்ள பையாகப் பார்த்து வாங்க வேண்டும். சாவிக்கொத்தும் சீப்பும் கிடக்கிற அறையில் துப்பாக்கி கிடக்கக்கூடாது. பையைப் பறிப்பவனுக்குப் பணத்தோடு ஆயுதமும் சேர்ந்து போகும் என்ற கவலை வேறு.

மும்பை வாசிகளுக்கு இன்னொரு சத்துரு மழைக்காலம். தோல் உறை ஈரத்தை உறிஞ்சி ஆயுதத்துக்கே திருப்பிக் கொடுக்கும். இரவில் உறையிலிருந்து எடுத்துத் துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவித் தனியாகப் பூட்டி வைக்காவிட்டால் ஒரு ஜூலை மாதம் போதும், துரு பிடித்துவிடும். டைட்டானியம் கலந்த நிர்பீக்குக்கு இந்த விஷயத்தில் ஒரு மார்க் கூடப் போடலாம்.

ஊரில் எடுத்த லைசென்ஸ்

வெளிமாநிலத் தமிழர்கள் பலர் தடுமாறுவது இந்த இடத்தில். மதுரையிலோ நெல்லையிலோ பெற்ற லைசென்ஸ் அதில் எழுதியுள்ள எல்லைக்குள்தான் செல்லும். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றிருந்தால், தாதரில் ரயிலை விட்டு இறங்கும்போது பெட்டியில் இருப்பது லைசென்ஸ் இல்லாத ஆயுதத்துக்குச் சமம். எல்லையை விரிவாக்கக் கேட்டு வாங்கிக்கொண்டு, குடியிருப்பு மாறியதைப் புதிய ஊர் அதிகாரியிடம் தெரிவித்துப் பதிய வேண்டும். 2019-ம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பின் லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்குச் செல்லும். ஆனால் ஒருவர் மூன்றுக்குப் பதில் இரண்டு ஆயுதமே வைத்திருக்கலாம். அப்பா விட்டுச் சென்ற பழைய வேட்டைத் துப்பாக்கியும் அந்தக் கணக்கில் சேரும் என்பதைச் சிலர் மறந்துவிடுகிறார்கள். கல்யாண ஊர்வலத்தில் குஷிக்காக வானத்தை நோக்கிச் சுட்டால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தற்காப்பு உரிமைக்கும் அளவு உண்டு. 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும், அதற்கு முந்திய இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் போலவே, ஆபத்தைத் தடுக்கத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்ய அனுமதிப்பதில்லை. பறித்த பையோடு முதுகைக் காட்டி ஓடுகிறவனைச் சுட்டுவிட்டால், பறிகொடுத்தவரே கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டிவரும்.

கடைசியாகத் தேர்தல் சமயம். லைசென்ஸ் உள்ளவர்கள் ஆயுதத்தை ஸ்டேஷனில் ஒப்படைக்கும்படி உத்தரவு வரும். ஒப்படைக்குமுன் நன்றாக எண்ணெய் தடவிவிட வேண்டும். வாரக்கணக்கில் அங்கே கிடக்கும். ரசீதில் எழுதிய எண்ணும் ஆயுதத்தில் பொறித்த எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே நின்று பார்த்துக்கொள்வது நல்லது. திரும்ப வாங்கும்போதும் அப்படியே.