39 பேருக்கு ஒரே பலன்

கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்லும் ஒருவர், இரவு விடுதி ஒன்றில் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரரிடம் வந்து, உங்களுக்கும் பார்க்கட்டுமா என்று கேட்டார். ஃபோரர் மறுத்தார். பேச்சு வளர்ந்தது. தன் கலை அறிவியல்தான் என்பதற்கு அந்த மனிதர் காட்டிய சான்று ஒன்றே ஒன்று: நான் சொல்வது சரி என்று வாடிக்கையாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு சொன்னாலும் அந்த ஒப்புதலை வாங்கிவிடலாம் என்றார் ஃபோரர்.

சொன்னதை 1948-இல் தன் வகுப்பில் செய்தும் காட்டினார். 39 மாணவர்களுக்கு ஆளுமைத் தேர்வு ஒன்றை வைத்தார். ஒரு வாரம் கழித்து, ஒவ்வொருவர் கையிலும் அவரவர் பெயரிட்ட தாளைக் கொடுத்து, இந்தக் குணச்சித்திரம் உங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது, 5-க்கு மதிப்பெண் போடுங்கள் என்றார். சராசரி 4.26. பிறகு முதல் வரியை உரக்க வாசித்து, இதே போன்ற வரி யார் தாளில் இருக்கிறது என்று கேட்டார். எல்லாக் கைகளும் உயர்ந்தன, வகுப்பே சிரித்தது. அத்தனை தாளிலும் ஒரே 13 வரிகள். பெரும்பாலானவை கடையில் வாங்கிய ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை.

இதைச் சொல்பவர்கள் "மனிதர்கள் எவ்வளவு ஏமாளிகள், பாருங்கள்" என்று முடித்துவிடுவார்கள். ஃபோரரின் ஆய்வுக் கட்டுரைத் தலைப்பிலேயே அந்தத் தொனி உண்டு. எனக்கு அது அவசரத் தீர்ப்பாகப் படுகிறது. அந்த மாணவர்கள் பொய் சொல்லவில்லை. வரிகள் பொருந்தத்தான் செய்தன. பொருத்தியது யார் என்பதுதான் கேள்வி.

வாரபலனில் வரும் வாக்கியங்களைப் பாருங்கள். தடைபட்ட காரியம் கைகூடும். உறவினர் வழியில் சிறு மனக்கசப்பு வந்து நீங்கும். எந்தக் காரியம், எந்த உறவினர் என்று எழுதியவருக்குத் தெரியாது. பெயர் சொல்லிவிட்டால் பலன் அங்கேயே பொய்த்துவிடும். வாசிப்பவருக்கோ கண்ணிமைக்கும் நேரத்தில் தெரிந்துவிடுகிறது: காரியம், பட்டா மாறுதலுக்குக் கொடுத்த மனு, உறவினர், வளைகாப்புக்கு நேரில் வந்து அழைக்கவில்லை என்று முறுக்கிக்கொண்டிருக்கும் பெரியம்மா.

இது பலவீனம் அல்ல. எந்த வாக்கியத்தையும் மூளை இப்படித்தான் புரிந்துகொள்கிறது. "அண்ணன் பணம் அனுப்பிட்டான்" என்று அம்மா சொன்னால் எந்த அண்ணன், எதற்கான பணம் என்று யாரும் உட்கார்ந்து ஆராய்வதில்லை. நினைவிலிருந்து விடை தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. இந்தத் திறமை இல்லையென்றால் வீட்டில் பேச்சே நடக்காது. ஆனால் தேடல் நமக்குத் தெரியாமலே நடந்து முடிவதால், கண்டுபிடித்த பெருமை முழுவதும் அச்சடித்த தாளுக்குப் போய்விடுகிறது. பொருத்தமான ஒன்று அகப்பட்டதும் தேடலும் நின்றுவிடும். பொருந்தாததை யார் மெனக்கெட்டுத் தேடுகிறார்கள்?

அதே சமயம், தேடி எடுத்த பொருள் போலியல்ல. வாரபலனைப் படித்ததால் பெரியம்மாவின் கோபம் நினைவுக்கு வந்து, அன்று மாலையே போன் போட்டுப் பேசிவிட்டால் அது நல்ல காரியம்தான். புகழை மட்டும் குருபகவானுக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

"இது உனக்காகவே கணித்தது" என்று சொல்லிவிட்டால் மனம் இன்னும் ஆர்வமாக உழைக்கிறது. சி. ஆர். ஸ்னைடர் என்ற உளவியலாளர் 1974-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரே குணச்சித்திரத்தை மூன்று குழுக்களுக்குக் கொடுத்தார். இது பொதுவாக எல்லாருக்கும் பொருந்துவது என்று ஒரு குழுவிடம் சொன்னார். பிறந்த ஆண்டையும் மாதத்தையும் வைத்துக் கணித்தது என்று இன்னொன்றிடம். தேதியையும் சேர்த்துக் கணித்தது என்று மூன்றாவதிடம். விவரம் கூடக்கூட, பொருத்தமும் கூடியது. நட்சத்திரம், பாதம், பிறந்த நிமிடம் வரை கேட்டு வாங்கும் நம்மூர் ஏற்பாட்டின் வலிமை இதில் விளங்கும்.

இந்த ஆய்வுகளிலேயே விபரீதமானது பிரான்சில் நடந்தது. கிரகங்களுக்கும் மனிதர்களுக்கும் தொடர்பு உண்டா என்று வாழ்நாளெல்லாம் புள்ளிவிவரம் சேர்த்தவர் மிஷேல் கோக்லான். 1960-களின் இறுதியில், இலவசமாக ஜாதகபலன் அனுப்புகிறேன் என்று பாரிஸ் பத்திரிகை ஒன்றில் விளம்பரம் கொடுத்தார். 150 பேருக்கு அனுப்பினார். பதில் எழுதியவர்களில் 94 விழுக்காட்டினர், இது நானேதான் என்றார்கள். எல்லாருக்கும் போனது ஒரே பலன். அதுவும் மார்செல் பெத்தியோ என்ற டாக்டருடையது. நாஜிகளிடமிருந்து தப்பிக்க வழி செய்வதாக நம்பவைத்து ஆட்களைக் கொன்று, உடைமைகளைச் சுருட்டியவர் அவர். 1946-இல் கில்லட்டினில் தலை வெட்டப்பட்டவர்.

நம்மிடையே இதற்குத் தனி வேடிக்கை ஒன்று உண்டு. ஆங்கிலப் பத்திரிகையின் வாரபலன் சூரியனை வைத்து. தமிழ்ப் பத்திரிகையினுடையது பிறந்தபோது சந்திரன் நின்ற ராசியை வைத்து. ஆகஸ்ட் 10-இல் பிறந்தவர் அங்கே சிம்மம். நம் கணக்கில் அது ஆடி மாதம், சூரியன் இருப்பது கடகத்தில். சந்திரனோ இரண்டேகால் நாளுக்கு ஒரு ராசி மாறுவதால், அவர் ராசி மீனமாகவும் இருக்கலாம், துலாமாகவும் இருக்கலாம். இரண்டு பத்திரிகையையும் படித்து, இரண்டும் சரியாக இருக்கிறதே என்று வியப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சோதித்துப் பார்க்கலாம். வாரபலன் பக்கத்தில் ராசிப் பெயர்களையும் படங்களையும் வீட்டில் யாரையாவது கத்தரித்துவிடச் சொல்லி, 12 பலன்களையும் கலைத்து எண் போட வையுங்கள். வாரம் கழிந்த பிறகு உங்கள் வாரம் எது என்று தேர்ந்தெடுங்கள். குருட்டாம்போக்கில் எடுத்தாலே 12-இல் 1 வாய்ப்பு இருப்பதால் ஒரு வாரம் போதாது. சில மாதங்கள் விடாமல் செய்ய வேண்டும். முதல் வாரமே ஏழெட்டுத் தாள்கள் உங்களுடையவை போலத் தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.