பதினேழு ஆட்டங்களில் தீர்ப்பு எழுதலாமா?

ஐக்கிய அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டப் பருவகாலம் வழமையாக ஒக்டோபர் மாத இறுதியில் ஆரம்பமாகின்றது. நவம்பர் மாதம் முடிவடைவதற்குள் எந்த அணி சம்பியனாகும், எந்தப் பயிற்றுநர் பதவி இழப்பார், எந்த வீரரை வேறு அணிக்கு மாற்ற வேண்டும் என்ற தீர்ப்புகள் எல்லாம் எழுதி முடிக்கப்பட்டு விடுகின்றன. என்.பி.ஏ. என்று அழைக்கப்படும் தேசிய கூடைப்பந்தாட்டச் சங்கத்தில் 30 அணிகள் உள்ளன. முழுமையான பருவகாலமொன்றில் ஒவ்வோர் அணியும் 82 ஆட்டங்களில் விளையாடுகின்றது. நவம்பர் இறுதியில் அவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே நிறைவடைந்திருக்கும். எஞ்சிய நான்கு பங்கையும் காணாமலேயே தீர்ப்பு வழங்குவது எந்தளவுக்கு நியாயமானது? இக்கேள்விக்கு விடை தேடுவோருக்கு 2010-2011 பருவகாலத்தின் மியாமி ஹீட் அணியைவிடச் சிறந்த உதாரணம் இல்லையென்றே நாம் கருதுகின்றோம்.

2010 ஆம் ஆண்டு ஜூலை 8 ஆம் திகதி, அந்நாட்களில் உலகின் முதற்தர வீரராகக் கணிக்கப்பட்ட லெப்ரோன் ஜேம்ஸ், தாம் ஏழு பருவகாலங்கள் ஆடிய கிளீவ்லாண்ட் கவலியர்ஸ் அணியை விட்டு மியாமிக்குச் செல்வதாகத் தொலைக்காட்சியில் நேரடியாக அறிவித்தார். மியாமிக்கு 2006 இல் சம்பியன் பட்டத்தைப் பெற்றுக் கொடுத்த டுவைன் வேட் ஏற்கனவே அங்கிருந்தார். டொரண்டோ அணியின் கிறிஸ் பொஷ்ஷும் அவர்களுடன் இணைந்தார். மறுநாள் மியாமி அரங்கில் இம்மூவருக்கும் அளிக்கப்பட்ட வரவேற்பு, ஓர் ஆட்டமேனும் ஆடப்படுவதற்கு முன்னரே நடத்தப்பட்ட வெற்றி விழாவாகவே அமைந்தது. பல சம்பியன் பட்டங்களை வெல்வோம் என்று அம்மேடையிலேயே வாக்குறுதி அளிக்கப்பட்டது. இதனால் மியாமி ரசிகர்களின் எதிர்பார்ப்பு வானளாவ உயர்ந்தது. ஏனைய நகரங்களின் ரசிகர்களிடையே இவ்வணி தோற்க வேண்டும் என்ற விருப்பமும் அதே அளவுக்கு வளர்ந்தது.

ஒக்டோபர் 26 ஆம் திகதி பொஸ்டன் நகரில் நடைபெற்ற முதலாவது ஆட்டத்திலேயே செல்டிக்ஸ் அணியிடம் 88-80 என மியாமி தோல்வியுற்றது. நவம்பர் 27 ஆம் திகதி டலஸ் மெவரிக்ஸ் அணியிடம் 106-95 எனத் தோற்றபோது, 17 ஆட்டங்களில் 9 வெற்றி, 8 தோல்வி என்ற நிலையில் அவ்வணி நின்றது. மூன்று நட்சத்திர வீரர்களைக் கொண்ட அணிக்கு இது பெரும் அவமானமாகக் கருதப்பட்டது. டலஸ் ஆட்டத்தின் இடைநிறுத்தம் ஒன்றின்போது லெப்ரோன் ஜேம்ஸின் தோள் பயிற்றுநர் எரிக் ஸ்பொல்ஸ்ட்ராவின் மீது உரசிய காட்சி திரும்பத் திரும்ப ஒளிபரப்பப்பட்டது. அது தற்செயலானதா, வேண்டுமென்றே செய்யப்பட்டதா என்பது நாடளாவிய விவாதமாக மாறியது. ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் தமக்குள் தனியாகக் கூடிப் பேசினர்.

அப்போது 40 வயதான ஸ்பொல்ஸ்ட்ராவின் பதவி பறிபோகும் என்று பலரும் எதிர்பார்த்தனர். அதற்கு ஒரு முன்னுதாரணமும் இருந்தது. 2005 ஆம் ஆண்டு டிசெம்பரில் இதே மியாமி அணி 11 வெற்றி, 10 தோல்வி என்றிருந்த வேளையில் அன்றைய பயிற்றுநர் ஸ்டான் வான் கண்டி விலகினார். அணியின் தலைவரான பெட் ரைலி தாமே பயிற்றுநர் பொறுப்பை ஏற்று, அப்பருவகாலத்திலேயே அணியைச் சம்பியனாக்கினார். வரலாறு மீண்டும் அவ்வாறே நிகழும் என்று எழுதியோர் பலர். 1995 இல் ஆட்டங்களின் ஒளிப்பதிவுகளைத் தொகுக்கும் சாதாரண பணியில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, 2008 இல் தலைமைப் பயிற்றுநரான ஒருவரின் எதிர்காலம் இந்தப் பதினேழு ஆட்டங்களில் தங்கியிருந்தது.

உண்மையில் அப்பதினேழு ஆட்டங்களும் எதனைக் கூறின? வெற்றி தோல்விகளின் எண்ணிக்கையை மாத்திரம் பார்த்தால் மியாமி ஒரு சராசரி அணியாகவே தோன்றும். ஆனால், கிரிக்கெட்டில் சமமான புள்ளிகளைப் பெற்ற அணிகளைப் பிரித்தறிய நிகர ஓட்ட வீதத்தைப் பார்ப்பது போன்று, கூடைப்பந்தாட்டத்தில் பெற்ற புள்ளிகளுக்கும் கொடுத்த புள்ளிகளுக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். மியாமி வென்றபோது பெரும் வித்தியாசத்தில் வென்றது. ஒர்லாண்டோ அணியை 96-70 எனவும் மினசோட்டா அணியை 129-97 எனவும் அது வீழ்த்தியது. தோற்ற எட்டு ஆட்டங்களில் நான்கு, ஐந்து புள்ளிகளோ அதற்குக் குறைவாகவோ உள்ள வித்தியாசத்தில் முடிவடைந்தவை. அனைத்தையும் கூட்டிப் பார்த்தால், ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஐந்து புள்ளிகளுக்கும் மேல் எதிரணிகளைவிட மியாமி முன்னின்றது. இவ்வித்தியாசத்தைப் பருவகாலம் முழுவதும் பேணும் அணி 50 க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் வெற்றியீட்டுவது வழமையாகும்.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்வது கடினமன்று. இரண்டு புள்ளி வித்தியாசத்தில் முடியும் ஆட்டத்தை ஒரேயொரு எறிதல் தீர்மானித்து விடுகின்றது. நவம்பர் 20 ஆம் திகதி மெம்பிஸ் அணியின் ரூடி கே இறுதிக் கணத்தில் எறிந்த பந்து கூடையினுள் வீழ்ந்தமையால் மியாமி 97-95 எனத் தோற்றது. அப்பந்து விரற்கடை விலகியிருந்தால் பட்டியல் வேறு விதமாக அமைந்திருக்கும். அணியின் தரம் அதனால் மாறியிருக்காது. 30 புள்ளி வித்தியாசத்திலான வெற்றியோ அதிர்ஷ்டத்தினால் கிடைப்பதில்லை. பட்டியலில் மாத்திரம் இவ்விரண்டும் ஒரே அளவாகக் கணக்கிடப்படுகின்றன.

அடுத்து, எவருடன், எங்கே, எந்த நிலையில் ஆடப்பட்டது என்பதையும் நோக்க வேண்டும். எட்டுத் தோல்விகளில் ஐந்து எதிரணிகளின் அரங்குகளில் ஏற்பட்டவை. எட்டில் ஏழு, அப்பருவகாலத்தின் பிற்பகுதியில் நொக் அவுட் சுற்றுக்குத் தகுதிபெற்ற அணிகளிடம் ஏற்பட்டவை. மெம்பிஸ், டலஸ் ஆகிய இரு நகரங்களிலும் நேர்ந்த தோல்விகள், முந்திய இரவில் மியாமியில் ஓர் ஆட்டத்தை ஆடிவிட்டு, விமானமேறிச் சென்று, மறுநாளே களமிறங்கிய ஆட்டங்களில் நேர்ந்தவை. களைத்த கால்களுடன் ஆடும் அணியையும் ஓய்வுபெற்று ஆடும் அணியையும் ஒரே தராசில் நிறுப்பது சரியாகாது.

காயங்களையும் கணக்கிலெடுக்க வேண்டும். பருவகாலத்துக்கு முந்திய முதலாவது பயிற்சி ஆட்டத்திலேயே டுவைன் வேட் காயமடைந்து ஏனைய பயிற்சி ஆட்டங்களை இழந்தார். ஆகவே மூன்று நட்சத்திரங்களும் ஒருவரையொருவர் பழகிக்கொள்வதற்கான காலத்தையே இவ்வணி இழந்திருந்தது. தூர எறிதலில் வல்லவரான மைக் மில்லர் பெருவிரல் காயத்தினால் டிசெம்பர் பிற்பகுதி வரை ஆடவில்லை. அணியின் நீண்டகாலத் தூணான யுடோனிஸ் ஹஸ்லெம் மெம்பிஸ் ஆட்டத்தில் பாதத்தில் காயமுற்று, மே மாதம் வரை திரும்பவில்லை. புதிதாகக் கூட்டப்பட்ட ஓர் அணி இவ்வாறான நிலையில் தடுமாறியதில் வியப்பில்லை.

எதிர்வரவிருந்த ஆட்டங்களின் அட்டவணையை அன்று எவரேனும் நிதானமாக வாசித்திருந்தால், நம்பிக்கை கொள்வதற்குப் போதிய காரணம் இருந்ததைக் கண்டிருப்பர். வொஷிங்டன், டெட்ரோய்ட், கிளீவ்லாண்ட், சக்ரமெண்டோ என, அப்பருவகாலத்தை 30 வெற்றிகளோ அதற்குக் குறைவாகவோ பெற்று முடித்த அணிகள் அடுத்த இரு வாரங்களில் காத்திருந்தன. டிசெம்பர் 2 ஆம் திகதி லெப்ரோன் ஜேம்ஸ் முதற்தடவையாகக் கிளீவ்லாண்டுக்குத் திரும்பியபோது, அரங்கம் முழுவதும் எழுந்த கூச்சலுக்கு மத்தியில் 38 புள்ளிகளைக் குவித்தார். மியாமி 118-90 என வென்றது. முந்திய பருவகாலத்தில் 61 ஆட்டங்களில் வென்றிருந்த கிளீவ்லாண்ட், அவர் நீங்கிய பின்னர் 19 வெற்றிகளுடன் முடிந்தது. ஒரு வீரரின் பெறுமதியை அந்நகர மக்களைவிட வேதனையுடன் அறிந்தவர்கள் இருக்க முடியாது.

டலஸ் தோல்வியின் பின்னரான 22 ஆட்டங்களில் மியாமி 21 இல் வெற்றியீட்டியது. 9-8 என்றிருந்த அணி, ஜனவரி இரண்டாம் வாரத்தில் 30-9 என்ற நிலையை எட்டியது. இறுதியில் 58 வெற்றிகளுடன் பருவகாலத்தை நிறைவு செய்தது. பெட் ரைலி அரங்கின் மேற்தளத்து ஆசனத்திலிருந்து கீழிறங்கவில்லை. ஸ்பொல்ஸ்ட்ரா பதவியில் நீடித்தார்.

எனினும், ஆரம்பகாலத் தோல்விகள் யாவும் பொருளற்றவை என்று கூறி இவ்விடயத்தை முடித்துவிட முடியாது. அவற்றினுள் ஓர் உண்மையான எச்சரிக்கையும் மறைந்திருந்தது. நவம்பர் 9 ஆம் திகதி யூட்டா ஜாஸ் அணிக்கெதிரான ஆட்டத்தில் சொந்த அரங்கில் பெரும் முன்னிலை பெற்றிருந்த மியாமி அதனை இழந்தது. போல் மில்செப் என்ற வீரர் வழமையான நேரத்தின் கடைசி 28 விநாடிகளில் மாத்திரம் 11 புள்ளிகளைப் பெற்றார். மேலதிக நேரத்தில் 116-114 எனத் தோல்வி நேர்ந்தது. மார்ச் மாதத்தில் ஒர்லாண்டோ அணிக்கெதிராக 24 புள்ளி முன்னிலையையும் மியாமி கைநழுவ விட்டது. நெருக்கமான இறுதிக் கட்டங்களில் பந்து எவரிடம் இருக்க வேண்டும், லெப்ரோனும் வேட்டும் ஒருவருக்கொருவர் இடையூறின்றி எவ்வாறு இயங்க வேண்டும் என்ற வினாக்களுக்கு அவ்வணி முழுமையான விடை காணவில்லை.

அந்த விடையின்மை ஜூன் மாதத்தில் வெளிப்பட்டது. பிலடெல்பியா, பொஸ்டன், சிக்காகோ ஆகிய மூன்று அணிகளையும் தலா 4-1 என வென்று இறுதிப் போட்டியை அடைந்த மியாமியை அங்கு எதிர்கொண்டது அதே டலஸ் அணியாகும். பருவகாலத்தின் இரண்டு சந்திப்புகளிலும் மியாமி அவ்வணியிடம் தோற்றிருந்தது. இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் ஏறத்தாழ ஏழு நிமிடங்கள் எஞ்சியிருக்கையில் 15 புள்ளிகளால் முன்னிலையில் இருந்தும் 95-93 எனத் தோற்றது. நான்காவது ஆட்டத்தில் லெப்ரோன் ஜேம்ஸ் 8 புள்ளிகளை மாத்திரமே பெற்றார். மியாமி 86-83 எனத் தோற்றது. தொடரை டலஸ் 4-2 எனக் கைப்பற்றியது. அணி பலமற்றது என்ற நவம்பர் மாதத் தீர்ப்பு பிழைத்தது. நெருக்கடியில் அது தடுமாறும் என்ற நவம்பர் மாத அறிகுறியோ பிழைக்கவில்லை.

இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிந்தமையே மியாமியின் பிற்கால வெற்றிக்கு அடிப்படை என்பது எமது கருத்தாகும். அணி கலைக்கப்படவில்லை, குறை திருத்தப்பட்டது. அக்கோடையில் லெப்ரோன் ஜேம்ஸ், ரமழான் நோன்பு நோற்றவாறே ஆடியவர் எனப் புகழ்பெற்ற ஹக்கீம் ஒலாஜுவானிடம் சென்று, கூடைக்கு அண்மையில் நின்றாடும் நுணுக்கங்களைப் பயின்றார். ஸ்பொல்ஸ்ட்ரா ஆட்ட முறையை மாற்றி பொஷ்ஷை நடுநிலை ஆட்டத்துக்கு நகர்த்தினார். 2012, 2013 ஆகிய இரு ஆண்டுகளிலும் மியாமி சம்பியனானது. பதினேழு ஆட்டங்களின் பின்னர் வெளியேற்றப்பட வேண்டும் என்று பலர் கோரிய அதே பயிற்றுநர், 2020 இலும் 2023 இலும் வேறு வீரர்களைக் கொண்டு அவ்வணியை இறுதிப் போட்டிக்கு அழைத்துச் சென்றார்.

இது ஓர் அணிக்கு மாத்திரம் உரிய கதையன்று. 2024-2025 பருவகாலத்தில் 10 வெற்றி, 15 தோல்வி என்று ஆரம்பித்த இந்தியானா பேசர்ஸ், இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை சென்றது. மறுபுறம், 2015-2016 பருவகாலத்தின் முதல் 24 ஆட்டங்களிலும் வென்று, மொத்தம் 73 வெற்றிகளுடன் சாதனை படைத்த கோல்டன் ஸ்டேட் அணி, இறுதித் தொடரில் 3-1 என முன்னிலை பெற்றும் பட்டத்தை இழந்தது. 2023-2024 பருவகாலத்தின் முதல் மூன்று ஆட்டங்களில் இரண்டில் வென்ற டெட்ரோய்ட் பிஸ்டன்ஸ், அதன்பின் தொடர்ச்சியாக 28 ஆட்டங்களில் தோற்றது.

ஆகவே, இனிவரும் பருவகாலங்களில் ஓர் அணியின் ஆரம்பத்தை மதிப்பிட விரும்பும் வாசகர்கள் பட்டியலின் முதலிரு நிரல்களுடன் நின்றுவிடலாகாது. எத்தனை புள்ளி வித்தியாசத்தில், எவருடன், எந்த அரங்கில், எவரெவர் இல்லாத நிலையில் அந்த முடிவுகள் கிடைத்தன என்று கேட்க வேண்டும். வரவிருக்கும் ஆட்டங்கள் கடினமானவையா, இலகுவானவையா என்று அட்டவணையைப் பார்க்க வேண்டும். தோல்விகளில் ஒரே குறை மீண்டும் மீண்டும் தலைகாட்டுகின்றதா என்பதையும் அவதானிக்க வேண்டும். இவற்றுக்கு விடை கண்ட பின்னரே ஒருவரைப் பதவியிலிருந்து நீக்குமாறு கோருவது முறையாகும். ரசிகரின் ஆத்திரம் அடுத்த வெற்றியுடன் தணிந்துவிடும். அந்த ஆத்திரத்துக்கு இரையாகித் தொழிலை இழக்கும் மனிதருக்கு அடுத்த ஆட்டம் கிடைப்பதில்லை.