சரக்கு வண்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால்...
ஆயில் பிரஷர் சுவிட்ச் பழுதை அறிவதும் மாற்றுவதும்

2005-ம் ஆண்டு டாட்டா ஏஸ் விற்பனைக்கு வந்த பிறகு, வணிகர்களாகிய நம்மில் பலர் சொந்தமாகச் சிறிய சரக்கு வண்டி வைத்திருக்கிறோம். திருவண்ணாமலையிலும் செஞ்சியிலும் கொள்முதல் செய்யும் மூட்டைகள் அதில்தான் கீழ்பென்னாத்தூர் வந்து சேருகின்றன. பௌர்ணமிக்கும் தீபத்திற்கும் முந்திய நாட்களில் வண்டி நின்றுவிட்டால் வியாபாரமே நின்றுவிடும். ஆகவே வண்டியின் ஒரு சிறு பாகத்தைப் பற்றி உறுப்பினர்கள் அறிந்திருப்பது நல்லது.

சுவிட்சின் வேலை

என்ஜினுக்குள் ஆயில் அழுத்தத்துடன் ஓடினால்தான் கிராங்க், பேரிங் ஆகியவை தேயாமல் இருக்கும். அந்த அழுத்தத்தைக் கண்காணிப்பதே ஆயில் பிரஷர் சுவிட்ச். பெரும்பாலும் ஆயில் பில்டருக்கு அருகில், ஒற்றை ஒயருடன் என்ஜினில் திருகப்பட்டிருக்கும். சாவியைத் திருப்பியதும் ஆயில் குடுவை படம் போட்ட சிவப்பு விளக்கு எரிய வேண்டும். என்ஜின் ஓடத் தொடங்கிய சில விநாடிகளில் அணைய வேண்டும். இதுவே சரியான நிலை.

பழுதின் அடையாளங்கள்

1. சாவி போட்டும் விளக்கு எரியவில்லை: சுவிட்சின் ஒயரைக் கழற்றி, என்ஜினின் சுத்தமான இரும்புப் பகுதியில் தொட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்தால் சுவிட்ச் பழுது. எரியாவிட்டால் பல்பு, பியூஸ் அல்லது ஒயரில் கோளாறு.

2. என்ஜின் ஓடும்போது விளக்கு எரிகிறது: உடனே ஓரமாக நிறுத்தி என்ஜினை அணையுங்கள். சிறிது நேரம் கழித்து ஆயில் அளவைப் பாருங்கள். குறைவாக இருந்தால் ஊற்றுங்கள். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை அழையுங்கள். அவர் சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் பிரஷர் மீட்டரைப் பொருத்திப் பார்ப்பார். அழுத்தம் சரியாக இருந்தால் சுவிட்ச் அல்லது ஒயர்தான் பழுது. அழுத்தம் குறைந்திருந்தால் ஆயில் பம்ப், பேரிங் முதலியவற்றைப் பார்க்க வேண்டும்.

3. சுவிட்சைச் சுற்றி ஆயில் கசிவு: சுவிட்ச் உள்ளே கிழிந்திருக்கும், மாற்றிவிட வேண்டும்.

சில டிரைவர்கள் விளக்கு தொந்தரவாக இருக்கிறது என்று ஒயரையே கழற்றிவிட்டு ஓட்டுவார்கள். இது பெரிய ஆபத்து. சில நூறு ரூபாயில் முடியும் வேலை, என்ஜின் பிடித்துக்கொண்டால் பல ஆயிரத்தில் போய் நிற்கும்.

மாற்றும் முறை

என்ஜின் ஆறிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். பாட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுங்கள். கீழே ஒரு துணியை வைத்து, சுவிட்சின் ஒயரைக் கழற்றி, சரியான அளவு சாக்கெட் ஸ்பானரால் திருகி எடுங்கள். புதியது அதே வண்டி மாடலுக்கு உரியதா, மரை ஒன்றாக உள்ளதா என ஒப்பிட்டுப் பாருங்கள். மரையில் டெஃப்லான் டேப்பை அதிகம் சுற்ற வேண்டாம். ஒற்றை ஒயர் சுவிட்சுக்கு மரை வழியாகத்தான் எர்த் கிடைக்கிறது; டேப் துண்டு ஆயில் துவாரத்தையும் அடைக்கக்கூடும். முதலில் கையால் திருகி, பிறகு ஸ்பானரால் அளவாக இறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் மரை போய்விடும். ஒயர்களை மாட்டி என்ஜினை ஓடவிட்டு, விளக்கு அணைகிறதா, கசிவு உண்டா என்று பாருங்கள்.

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 வண்டிகள் சிலவற்றில் பல ஒயர்கள் கொண்ட சென்சார் இருக்கும். அதில் ஒயரைத் தொட்டுப் பார்க்கும் சோதனை கூடாது. சர்வீஸ் சென்டருக்கே கொண்டு செல்லுங்கள்.

ஆட்டோமேட்டிக் கியர் கார் வைத்திருப்போர் கவனத்திற்கு

இவ்வகைக் கார்கள் பலவற்றின் கியர் பாக்ஸிலும் பிரஷர் சுவிட்ச் உண்டு. அது பழுதானால் கியர் மாறும்போது வண்டி உதறும். சில நேரம் ஒரே கியரில் நின்றுவிடும். எச்சரிக்கை விளக்கும் எரியலாம். பல கார்களில் இது கியர் பாக்ஸின் உள்ளே இருப்பதால், ஆயிலை வடித்து அடித்தட்டைக் கழற்ற வேண்டிவரும். நாமே செய்யும் வேலை அல்ல. கியர் ஆயில் அளவையும் ஒயர் இணைப்பையும் முதலில் பார்க்கச் சொல்லி, கம்ப்யூட்டர் சோதனைக்குப் பிறகே பாகத்தை மாற்றச் சொல்லுங்கள்.

வண்டிக்கென ஒரு நோட்டுப் போட்டு, ஆயில் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் குறித்து வைக்கவும். தினமும் காலையில் சாவியைத் திருப்பும்போது அந்தச் சிவப்பு விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார்க்கும்படி டிரைவரிடம் சொல்லி வைக்கவும். இதற்குச் செலவு ஏதும் இல்லை.