மலத்தில் இரத்தமா? பாலைப் பழிக்குமுன்...

மூன்று நான்கு வயதுப் பிள்ளை. ஓடியாடி விளையாடுகிறது, காய்ச்சல் இல்லை, வயிற்று வலியும் இல்லை. ஆனால் மலத்தோடு சிவப்பாக இரத்தம் வருகிறது. தோட்டமானாலும் சரி, கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் போன்ற பட்டணமானாலும் சரி, பெரியவர்கள் உடனே சொல்வது "உடம்புச் சூடு" என்பதுதான். சிலர் மூலம் என்பர். இளநீர், மோர், வெந்தயம் என்று நாள்கள் கழியும். இரத்தம் மட்டும் நிற்காது.

வலியின்றி இப்படி இரத்தம் போவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று 'பாலிப்'. பெருங்குடலின் உட்சுவரில், பெரும்பாலும் ஆசனவாய்க்கு அருகில், காம்புடன் தொங்கும் சிறு சதை வளர்ச்சி அது. இரண்டு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளிடம் அதிகம் காணப்படும். பெற்றோர் பதற வேண்டாம். ஒற்றையாக இருக்கும் குழந்தைப் பாலிப் புற்றுநோயாவது மிக அரிது.

இத்தகைய பிள்ளைகளில் சிலருக்குப் பசும்பால் ஒவ்வாமையும் இருப்பதுண்டு. பாலிப்புக்கும் ஒவ்வாமைக்கும் தொடர்பு உண்டா என்பதை 1970-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவர்கள் ஆராய்ந்தனர். வெட்டியெடுத்த பாலிப்பை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி நுண்பெருக்காடியில் பார்த்தால், அங்கே ஒரு காவற்படையே தெரியும்.

உணவோடு கிருமியும் நுழையக்கூடிய வாசல் குடல். ஆதலால் உடலின் எதிர்ப்பாற்றல் அணுக்கள் ஏராளமாக அங்கே காவல் நிற்கின்றன. நல்ல காவற்காரர் திருடனை மறிப்பார். பால்காரரை உள்ளே விடுவார். ஒவ்வாமையுள்ள குழந்தையின் உடலிலோ, பால்காரரே திருடனென்று பிடிபடுகிறார்! பாலிலுள்ள கேசீன் போன்ற புரதங்களைப் பகையென்று எண்ணி, பிளாஸ்மா அணுக்கள் ஐ.ஜி.இ. என்னும் எதிர்ப்புப் பொருளைச் சுரக்கின்றன. அது மாஸ்ட் அணுக்களின் மேல் ஒட்டிக்கொள்கிறது. மறுமுறை பால் வந்ததும் மாஸ்ட் அணுக்கள் ஹிஸ்டமினைக் கொட்ட, அவ்விடம் வீங்கிச் சிவக்கிறது. பிறகு இயோசினோபில் என்னும் வெள்ளணுக்கள் திரள்கின்றன. இயோசின் என்ற சிவப்புச் சாயத்தை நன்கு ஏற்கும் இவ்வணுக்களை 1879-இல் விளக்கியவர் ஜெர்மானிய அறிஞர் எர்லிக்.

ஆனால் இந்த அணுக்களைக் கண்டதுமே பாலைக் குற்றவாளியாக்கிவிட முடியாது. ஒவ்வாமையே இல்லாத பிள்ளையின் பாலிப்பிலும் அவை இருக்கும். ஆகவே மருத்துவர் தோல் சோதனை, இரத்தச் சோதனை செய்வார். சில காலம் பாலை நிறுத்தி, மீண்டும் கொடுத்துப் பார்ப்பார். மலேசியாவில் 2012-இல் பசும்பால் ஒவ்வாமைக்கென்றே மருத்துவ வழிகாட்டி வெளியிடப்பட்டிருக்கிறது.

கைக்குழந்தையின் நிலை வேறு. சளியோடு இரத்தக் கீற்று வந்தால், பாலிப் இல்லாமலே பால் ஒவ்வாமை காரணமாகலாம். இதில் ஐ.ஜி.இ.க்குப் பெரும்பாலும் பங்கில்லை. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், தாய்மார்களே! மருத்துவர் சொன்னால், தாய்தான் தம் உணவில் பசும்பாலை விலக்க வேண்டும். ஆட்டுப்பாலும் மாற்றாகாது, அதன் புரதமும் ஏறக்குறைய அதுவே. டின் பாலோ கூடவே கூடாது. சீனி கலந்த டின் பாலைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கும் கொடுமையை, 1939-லேயே சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் கடுமையாகச் சாடினார்.

இரத்தம் கண்டால் முதலில் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். தேவையானால் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை, கோலாலம்பூர் துங்கு அசிசா மருத்துவமனை, லெம்பா பந்தாயிலுள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் போன்ற இடங்களுக்கு அனுப்புவார்கள். மயக்க மருந்து கொடுத்து, குழாய்க் கருவியின் வழியே கம்பி வளையத்தால் பாலிப்பை அகற்றிவிடலாம். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. பல பாலிப்புகள் இருந்தால் மட்டும் தொடர்ந்து கண்காணிப்பு வேண்டும்.

பால் ஒவ்வாமை பெரும்பாலான குழந்தைகளுக்குப் பள்ளி செல்லும் வயதுக்குள் மறைந்துவிடும். அதுவரை எதைக் கொடுப்பது, எதை விலக்குவது என்பதை மருத்துவர் சொல்லட்டும். நாமாகவே பாலை நிறுத்தினால், வளரும் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து குறைந்துபோகும். "சூடு" என்று நாம் காத்திருந்தாலோ, இரத்தம் சிறுகச் சிறுகப் போய்ப் பிள்ளைக்குச் சோகை பிடிக்கும்.