இரண்டு எட்டும் நான்கு ராணுவத்தினரும்

சராசரி வரவு என்றால் என்னவென்று போன வாரமே பார்த்தாயிற்று. ஒரு கையை அல்ல, ஆயிரக்கணக்கான கைகளைச் சேர்த்துப் பார்க்கும் கணக்கு அது. சொன்னபடி இந்த வாரம் பிளாக்ஜாக்கில் ஜோடிச் சீட்டைப் பிரிப்பது.

கையில் இரண்டு எட்டு. டீலர் காட்டும் சீட்டு பத்து. அவரிடம் பிளாக்ஜாக் இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. 16ஐ விட மோசமான எண்ணிக்கை இந்த ஆட்டத்தில் இல்லை. இன்னொரு சீட்டு வாங்கினால், 13 வகைச் சீட்டில் 8 வகை நம்மை 21க்கு மேலே தள்ளிவிடும். வாங்காமல் நின்றால், டீலர் 21ஐத் தாண்டினால்தான் பிழைப்பு; அது நாலில் ஒரு தடவைகூட நடப்பதில்லை. எதைச் செய்தாலும் ரூபாய்க்குச் சுமார் 54 பைசா நட்டம்.

பிரிக்க வேண்டுமானால் இன்னொரு ரூபாய் வைக்க வேண்டும். தோற்கிற இடத்திலா மேலும் பணம் போடுவது என்று மனம் பதறும். ஆனால் பத்துக்கு எதிரே, எட்டில் தொடங்கும் ஒரு கை சராசரியாக இழப்பது ஏறக்குறைய 24 பைசாதான். இரண்டு கைக்கும் சேர்த்து 48. பந்தயம் இரு மடங்காகியும் நட்டம் ஆறு பைசா குறைகிறது! ஜெயிப்போமா என்பதல்ல, மற்ற வழிகளைவிட இது மேலா என்பதே கேள்வி. இந்தத் தொடர் முழுக்க நான் சொல்லிவருவதும் இதுதான்.

இதை முதலில் முறையாகக் கணக்கிட்டுக் காட்டியவர்களைப் பற்றிப் படித்ததிலிருந்து வேறெதிலும் மனம் ஓடவில்லை. ரோஜர் பால்ட்வின், வில்பர்ட் கேன்டி, ஹெர்பர்ட் மைசல், ஜேம்ஸ் மெக்டெர்மாட். நால்வரும் அமெரிக்க ராணுவத்தினர். மேரிலாந்து மாநிலத்தின் அபர்டீன் ஆயுதச் சோதனைத் தளத்தில் இருந்தவர்கள். பாசறைச் சீட்டாட்டத்தில் கிளம்பிய பேச்சு அவர்களைப் பிடித்துக்கொண்டது. மேசைக் கணக்குப் பொறிகளை வைத்துக்கொண்டு, வேலை நேரம் போக ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கூட்டிப் பெருக்கினார்கள். எனியாக் என்ற புகழ்பெற்ற மின்னணுக் கணினி 1947 முதல் 1955 வரை ஓடியது அதே தளத்தில்தான். இவர்களோ எண்களைக் கையால் தட்டித் தட்டியே விடை கண்டார்கள். 1956 செப்டம்பரில் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் ஆய்விதழில் கட்டுரை வந்தது. எட்டு ஜோடியையும் ஏஸ் ஜோடியையும் எப்போதும் பிரி, பத்து ஜோடியைப் பிரிக்காதே என்றார்கள். அடிப்படை ஆட்டத்துக்கு அந்த விதி இன்றும் நிற்கிறது.

மறு ஆண்டு அதைப் புத்தகமாக்கினார்கள். முன்னுரை எழுதியவர் சார்லஸ் வான் டோரன், அன்றைய தொலைக்காட்சி வினாடி வினா நட்சத்திரம். அந்த நிகழ்ச்சியின் பெயரும் ‘இருபத்தொன்று’! விடைகள் தனக்கு முன்கூட்டியே தரப்பட்டன என்று 1959இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் அவர் ஒப்புக்கொண்டார். முன்னுரைக்காரரின் புகழ் சரிந்தது. உள்ளேயிருந்த கணக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. யார் வேண்டுமானாலும் மறுபடி போட்டுப் பார்க்கலாம் என்பதுதான் அதன் பலம்.

பத்து ஜோடிக்கு இந்த வாரம் இடமில்லை. ஒன்று மட்டும்: டீலர் ஆறு காட்டும்போது 20இல் நின்றால் ரூபாய்க்குச் சுமார் 70 பைசா லாபம், பிரித்தாலும் லாபம்தான், ஆனால் அதைவிடக் குறைவு. அப்படியிருக்க, எட்வர்ட் தோர்ப் காட்டிய வழியில் சீட்டு எண்ணுபவர்கள் சில நேரம் அதையும் பிரிக்கிறார்களே, ஏன்? கட்டில் மிச்சமிருக்கும் சீட்டைப் பொறுத்தது அது. அடுத்த வாரம் அங்கிருந்து தொடங்குவோம்.