கைது என்றால் கேட்க வேண்டியவை

முக்கூடலுக்குப் பக்கத்து ஊரான அம்பாசமுத்திரத்தில், விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களின் பற்கள் பிடுங்கப்பட்டதாக 2023 மார்ச்சில் புகார் எழுந்தது. உதவி போலீஸ் கண்காணிப்பாளர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. பாதிக்கப்பட்டவர்கள் வாய் திறந்ததால்தான் இவ்வளவும் நடந்தது.

வழக்கு போட்டதாலேயே யாரும் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும்; வீட்டாருக்குத் தகவல் தர வேண்டும்; வக்கீலைப் பார்க்க விட வேண்டும்; மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 2024 ஜூலை 1-ல் புதுச் சட்டங்கள் வந்த பிறகும் இந்த உரிமைகள் அப்படியே இருக்கின்றன. போலீசாரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதிய வாக்குமூலத்தை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது.

நம் பிள்ளைகள் சறுக்குவது மாஜிஸ்திரேட் முன்னால்தான். “போலீசார் அடித்தார்களா?” என்று கேட்டால், பயத்தில் “இல்லை” என்று சொல்லிவிடுகிறார்கள். அது பதிவாகிவிடும்; பிறகு காயத்தைக் காட்டினாலும் நம்ப வைப்பது கடினம். அங்கேயே சொல்ல வேண்டும், காயத்தைக் காட்ட வேண்டும்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீல் தர 1987-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அழைக்க வேண்டிய எண் 15100. அதை வீட்டுச் சுவரில் எழுதி வைப்போம்.