அடுப்பில்லாமல் ஒரு காரத் தயிர் டிப்

பெருநாளோ, சம்பந்தம் பேச வருபவர்களோ, விருந்தினர் வருகிறார்கள் என்றால் வீட்டுப் பெண்ணுக்கு அடுப்படியை விட்டு நகர முடிவதில்லை. எல்லோரும் பேசிச் சிரித்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் எண்ணெய்த் தாச்சியின் முன்னால் நிற்பாள். சகோதரிகளே, மேசைக்கு வரும் பண்டங்களில் ஒன்றையாவது நெருப்பில்லாமல் முன்கூட்டியே செய்து வைத்தால், நீங்களும் அவர்களோடு சற்று உட்கார்ந்து பேசலாம் அல்லவா?

'டிப்' என்ற பெயர்தான் புதிது. புரியாணிக்கு அரைக்கும் மிஞ்சிச் சம்பலைக் கெட்டித் தயிரில் கலந்தால் அதுவே டிப். தயிரின் நீரை வடித்து உண்பது அரபு நாடுகளில் பழைய வழக்கம். மத்திய கிழக்கில் வேலை செய்து திரும்பியவர்கள் அதை 'லப்னா' என்று அறிவார்கள்.

தேவையான பொருட்கள்:
எருமைத் தயிர் - 1 லீற்றர்
மிஞ்சி இலை - 1 கைப்பிடி
கொத்தமல்லி இலை - 1 கைப்பிடி
பச்சை மிளகாய் - 4
உள்ளி - 2 பல்
தேசிக்காய் - பாதி
மிளகுத்தூள் - ½ தேக்கரண்டி
உப்பு - அளவாக

செய்முறை:
முதல் நாள் இரவு, சுத்தமான மெல்லிய துணியில் தயிரைக் கொட்டி முடிந்து, வடிதட்டில் வைத்து, அடியில் ஒரு பாத்திரத்துடன் பிரிஜ்ஜில் வையுங்கள். காலையில் நீர் வடிந்து வெண்ணெய் போலிருக்கும். எருமைப் பாலில் கொழுப்பு அதிகம் என்பதால் மயோனைஸோ கிறீமோ தேவைப்படாது. வடிந்த நீரை வீசிவிடாமல் ரொட்டி மா குழைக்கப் பயன்படுத்துங்கள்.

இலைகளை நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மிளகாய், உள்ளியுடன் தண்ணீர் விடாமல் அரைத்தெடுங்கள். அதைத் தயிரில் கரண்டியால் மெதுவாகக் கலவுங்கள். தயிரை பிளெண்டரில் போட்டு அடித்தால் இளகிவிடும். மிளகுத்தூள், தேசிப்புளி, உப்பு ஆகியவற்றைக் கடைசியில் சேருங்கள். தயிர் வடிந்திருந்தால் கைவேலை பத்து நிமிடம்தான்.

காரத்தில் ஒரு கவனம் வேண்டும். பாலிலுள்ள புரதமும் கொழுப்பும் மிளகாயின் உறைப்பைத் தணிக்கும். அதனால் அம்மியில் கடுமையாகத் தெரியும் காரம் தயிரில் மென்மையாகிவிடும். அரை மணி நேரம் வைத்து ருசி பார்த்த பிறகே இன்னொரு மிளகாய் சேருங்கள். சிறுவர்கள் இருந்தால், விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டை நீக்கிவிடுங்கள். உறைப்பு அதிகம் இருப்பது அங்கேதான்.

மிக முக்கியமானது சுத்தம். நெருப்பில் வேகாத உணவில் கிருமியைக் கொல்ல எதுவுமில்லை. கை, துணி, கத்தி, பலகை எல்லாம் சுத்தமாக இருக்கட்டும். இறைச்சி வெட்டிய பலகையில் இலைகளை நறுக்காதீர்கள். பரிமாறும் வரை பிரிஜ்ஜிலேயே வையுங்கள். வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். கடும் வெயில் நாளில் ஒரு மணி நேரம் போதும். முழுவதையும் ஒரே கோப்பையில் வைக்காமல் சிறிது சிறிதாக எடுத்து வைத்தால் மீதி கெடாது.

கரட், வெள்ளரித் துண்டுகள், பப்படம், சமோசா, ரோல்ஸ் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். எட்டுப் பேருக்குத் தாராளமாகப் போதும். அடுத்த விருந்துக்கு ஒரு பலகாரத்தைக் குறைத்து இதை வைத்துப் பாருங்கள். மேசையைச் சுற்றி உங்களுக்கும் ஒரு கதிரை கிடைக்கும்.